ஊருக்கு அனுப்ப ஒரு படம்: ரொறன்ரோவில் கமராவுடன் சில இடங்கள்

கனடாவுக்கு வந்து சேர்ந்த எவரிடமும் ஊரிலுள்ளவர்கள் முதலில் கேட்பது ‘சுகமாய் இருக்கிறியோ?’ என்பது. அடுத்ததாக வருவது, ‘ஒரு படம் எடுத்து அனுப்பு பிள்ளை, முகத்தைப் பார்க்க வேணும்’ என்பது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தப் படம் விமானத் தபால் உறைக்குள் வைத்து அனுப்பப்பட்டு, கொழும்பில் தங்கி, பாதை திறந்திருந்தால் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இன்று கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒரு நொடியில் அம்மாவின் கைக்குப் போய்விடுகின்றது. ஆயினும் புதிதாக வந்த குடும்பங்களுக்கு அதே கேள்விகள்தான் இன்றும் இருக்கின்றன. எங்கே நின்று படம் எடுப்பது? எதைக் காட்டுவது?

அந்த நாட்களில் எம்மவர்கள் அனுப்பிய படங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். நயாகரா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஒன்று. சி.என். கோபுரத்தின் அடியில் ஒன்று. தெருவோரம் நின்ற யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து கொண்டு ஒன்று. படத்தில் காரும் உண்மை, ஆளும் உண்மை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் படத்தில் தெரியாது. படம் ஊரில் கைக்குக் கை மாறும். ‘பொடியன் கார் வாங்கியிட்டான்’ என்று கதை பரவும். அடுத்த கடிதத்தில் தங்கையின் சீதனம், மாமாவின் கடன், கோயில் திருப்பணி என்று எல்லாம் வந்து சேரும். இங்கே அவரோ நான்கு பேருடன் ஒரு பேஸ்மென்ற் அறையில் படுத்து எழும்பி, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவிக் கொண்டிருப்பார். ‘இல்லை’ என்று சொல்லவும் முடியாது. படம் முன்பே ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட்டது.

ஆகவே ஊருக்கு அனுப்பும் படத்தை விளையாட்டுக் காரியமாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் வாழ்க்கையை அவர்கள் அதில்தான் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் நாளைக்கு அதில்தான் படிக்கப் போகிறார்கள். நல்ல படம் எடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. பஸ் காசும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ரி.ரி.சி. வண்டிகளில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு 2015 ஆம் ஆண்டிலிருந்து கட்டணம் இல்லை. பெரியவர்கள் பிரெஸ்ரோ அட்டையில் ஒருமுறை கட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கலாம். இந்த நகரத்தில் குடும்பமாகப் போய்ப் படம் எடுக்கக் கூடிய சில இடங்களையும், அவற்றின் கதைகளையும் கீழே தருகின்றோம்.

முதலில் வெயிலைப் பழகுங்கள்

ஊரில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்து விடும். இங்கே அப்படியல்ல. ஜூன் மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகின்றது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். கோடை மத்தியானத்தில் சூரியன் உச்சிக்கு அண்மையில் நிற்பதால் கண்குழியிலும் மூக்கின் கீழும் கறுப்பு நிழல் விழும். முகம் வடிவாக வராது. ஆகவே கோடையில் காலையிலோ, பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகோ எடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் நடுப்பகலிலும் தாழ்வாகவே நிற்கும். அந்த வெளிச்சம் முகத்துக்கு மிகவும் நல்லது. குளிரைப் பொறுத்துக் கொண்டால் டிசம்பர் மத்தியானத்திலும் நல்ல படம் கிடைக்கும்.

சி.என். கோபுரத்தைத் தள்ளி நின்று பாருங்கள்

1976 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சி.என். கோபுரம் 553 மீற்றர் உயரமானது. 2007 ஆம் ஆண்டில் துபாயின் கோபுரம் அதை மிஞ்சும்வரை, எதிலும் தாங்காமல் தனித்து நிற்கும் கட்டுமானங்களில் உலகிலேயே உயரமானது அதுதான். அதன் அடியில் நின்று எடுத்தால் கோபுரமும் வராது, ஆளும் வராது. ஒன்றில் தலை வெட்டுப்படும், அல்லது கால் வெட்டுப்படும். கோபுரம் முழுதாகவும் உங்கள் குடும்பம் முழுதாகவும் வரவேண்டுமானால் தூரப் போக வேண்டும். அதற்கு இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, ரிவர்டேல் பூங்காவின் கிழக்குப் பகுதி. புறோட்வியூ சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கு நோக்கிச் சிறிது நடந்தால் டொன் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் பெரிய புல்வெளி வரும். அங்கே நின்றால் நகரத்தின் கட்டடங்கள் எல்லாம் மேற்கே வரிசையாகத் தெரியும். காலையில் சூரியன் உங்களுக்குப் பின்னால் இருந்து கட்டடங்களுக்கு வெளிச்சம் கொடுக்கும். மாலையில் சூரியன் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். கோடை மாலைகளில் பல இன மக்களும் புல்லில் பாய் விரித்து அமர்ந்து பொழுது சாய்வதைப் பார்ப்பார்கள். நீங்களும் ஒரு போத்தலில் தேத்தண்ணியும் கொஞ்சம் வடையும் கொண்டு போகலாம்.

மற்றது, ரொறன்ரோத் தீவுகள். பே வீதியின் தென் கோடியிலுள்ள துறையில் வள்ளம் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். போகும்போது கொடுக்கும் கட்டணத்திலேயே திரும்பியும் வரலாம். இது ஒரு காலத்தில் தீவாக இருக்கவில்லை. கரையோடு ஒட்டிய மணல் திட்டாக இருந்தது. 1858 ஆம் ஆண்டில் வீசிய புயல் அதை அறுத்துத் தீவாக்கிற்று. அங்கிருந்து வடக்கே பார்த்தால் நகரம் முழுவதும் தண்ணீரின் மேல் நிற்பது போலத் தெரியும். சூரியன் பெரும்பாலும் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் எந்த நேரம் எடுத்தாலும் படம் தெளிவாக வரும். ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளத்தில் போய்ப் பழகியவர்களுக்கு அந்தப் பயணமே ஒரு சந்தோசம். குளிர்காலத்தில் வள்ளச் சேவை குறைவு. நேரத்தை விசாரித்துக் கொண்டு போங்கள்.

நகரசபைச் சதுக்கம்

நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் வளைந்த இரண்டு கோபுரங்களாக நிற்கும் நகரசபைக் கட்டடத்தைக் காணாத புதியவர்கள் குறைவு. 1958 ஆம் ஆண்டு நடந்த உலகப் போட்டிக்கு வந்த 500 க்கும் மேற்பட்ட வரைபடங்களிலிருந்து பின்லாந்து நாட்டவரான வில்யோ ரெவெல் என்பவரின் வரைபடம் தெரிவு செய்யப்பட்டது. கட்டடம் 1965 இல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. முதல் ஆண்டிலேயே காலமாகி விட்டார். கோடையில் அங்குள்ள தடாகத்தில் கட்டடத்தின் நிழல் விழும். குளிர்காலத்தில் அதே தடாகம் உறைபனிச் சறுக்கல் தளமாகிவிடும். பொழுதுபட்டு வானம் கருநீலமாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், விளக்குகள் எரியத் தொடங்கியதும் எடுங்கள். முழு இருட்டானால் முகங்கள் தெரியாது.

ஸ்காபுறோவின் மண் குன்றுகள்

எம்மவர்கள் பெருமளவில் வாழும் ஸ்காபுறோவில் படம் எடுக்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. பிறிம்லி வீதியால் தெற்கே ஏரிவரை போய்ப் பாருங்கள். ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்துக்கு, சில இடங்களில் 90 மீற்றர் உயரம்வரை, வெள்ளை மண் குன்றுகள் சுவர் போல எழுந்து நிற்கின்றன. 1793 ஆம் ஆண்டில் இங்கு வந்த ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இவற்றைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் யோக்சயரிலுள்ள ஸ்காபுறோவின் பாறைகளை நினைத்து அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார். அந்த அம்மையார் போன இடமெல்லாம் படம் வரைந்தவர். தூர தேசத்துக்கு வந்து, கண்ட காட்சியைப் பிறந்த நாட்டின் ஓரிடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்களுக்கு மட்டும் உரிய குணம் அல்லவே!

இந்தக் குன்றுகள் தென்கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில்தான் அவற்றில் நன்றாக விழும். கீழேயுள்ள பிளஃபர்ஸ் பூங்காவின் கடற்கரை போன்ற மணலில் நின்று எடுங்கள். குன்றின் விளிம்புக்குப் போக வேண்டாம். அது பாறை அல்ல, மணலும் களியும். ஆண்டுதோறும் இடிந்து விழுந்து கொண்டிருக்கின்றது. விளிம்பில் நின்று படம் எடுக்கப் போனவர்களைத் தீயணைப்புப் படையினர் மீட்ட சம்பவங்கள் பல உண்டு. வேலிக்கு அப்பால் போக வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அதே பிறிம்லி வீதிக்கு வடக்கே, எங்களில் பலரும் அலுவலாகப் போய்வரும் ஸ்காபுறோ நகர மண்டபம் இருக்கின்றது. 1973 இல் எலிசபெத் மகாராணியார் திறந்து வைத்த வெள்ளைக் கட்டடம். அதை வடிவமைத்தவர் றேமண்ட் மொரியாமா. இவர் வன்கூவரில் பிறந்த யப்பானிய வம்சாவளியினர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியர்களை அரசாங்கம் வீடுகளிலிருந்து கிளப்பியது. அவர்களின் சொத்துகளைப் பறித்து, முகாம்களுக்கு அனுப்பியது. சிறுவனான மொரியாமாவும் அப்படிப் போனவர்தான். முகாமுக்கு அருகே மரத்தின் மேல் தானாகவே ஒரு சிறு குடில் கட்டினாராம். அதுவே அவர் கட்டிய முதற் கட்டடம். பின்னாளில் ரொறன்ரோவின் பெரிய உசாத்துணை நூலகத்தையும் அவரே வடிவமைத்தார். 2023 இல் காலமானார். முகாம்களை அறிந்த எங்கள் பிள்ளைகளை அந்தக் கட்டடத்தின் உள்ளே, படிப்படியாக வளைந்து மேலே போகும் மாடங்களின் கீழே நிறுத்தி ஒரு படம் எடுங்கள். எடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

செரி மரங்கள் வந்த கதை

ஹை பார்க் பூங்காவில் சித்திரைக் கடைசியிலோ வைகாசித் தொடக்கத்திலோ செரி மரங்கள் பூக்கும். இலைக்கு முன் பூ வரும். ஒரு வாரம், கூடினால் பத்து நாள்; அதற்குள் ஒரு காற்றோ மழையோ வந்தால் எல்லாம் கொட்டிவிடும். அந்த நாட்களில் சனம் திருவிழாப் போலக் கூடும். விடியற்காலையில் போகிறவர்களுக்குத்தான் ஆள் நடமாட்டம் இல்லாத படம் கிடைக்கும். கிளையைப் பிடித்து வளைக்கவோ மரத்தில் ஏறவோ கூடாது.

இந்த மரங்களுக்கும் மேலே சொன்ன கதைக்கும் தொடர்பு உண்டு. போர் முடிந்த பின்னரும் 1949 ஆம் ஆண்டுவரை யப்பானியக் கனடியர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்துக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. பலர் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். அவர்களை ஏற்றுக் கொண்டதற்கு நன்றியாக 1959 இல் ரோக்கியோ நகர மக்கள் அனுப்பிய மரக்கன்றுகளே ஹை பார்க்கின் முதற் செரி மரங்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக நட்ட மரத்தின் கீழே நின்றுதான் இன்று நகரமே படம் எடுத்துக் கொள்கின்றது.

ஏரிக்கரையில் ஐந்து உருவங்கள்

பதேர்ஸ்ற் வீதியின் தென்முனையில், பழைய தானியக் கோதுகளுக்கு அருகே அயர்லாந்துப் பூங்கா என்ற சிறிய இடம் உண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் நிலவியபோது, கப்பலேறிய ஏறத்தாழ 38,000 பேர் 1847 என்ற ஒரே ஆண்டில் ரொறன்ரோவில் வந்து இறங்கினார்கள். அப்போது இந்த நகரத்தின் சனத்தொகையே 20,000 அளவில்தான். வந்தவர்களில் 1,100 க்கும் மேற்பட்டவர்கள் காய்ச்சலில் இறந்தார்கள். அவர்கள் நினைவாக 2007 இல் இந்தப் பூங்கா திறக்கப்பட்டது. றோவன் கில்லெஸ்பி என்ற சிற்பி வார்த்த ஐந்து வெண்கல உருவங்கள் அங்கே நிற்கின்றன. ஒருவர் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தியிருக்கிறார். ஒரு கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்திருக்கிறாள். ஒருத்தி நிலத்தில் கிடக்கிறாள். இதே சிற்பி டப்ளின் நகரத்துத் துறைமுகத்தில் கப்பலேறப் போகிறவர்களைச் செய்தார். இங்கே வந்து இறங்கியவர்களைச் செய்தார். கல்லில் இறந்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன.

1986 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டதை அறிந்த எங்களுக்கு இந்த உருவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே சிரித்தபடி நின்று எடுக்க மனம் வராது. பிள்ளை அந்தச் சிலையை நிமிர்ந்து பார்க்கும்போது ஓரமாக நின்று எடுங்கள்.

குளிர்காலத்தில் எங்கே போவது?

மாசி மாதத்தில் குளிருக்குள் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல இடம் அலன் கார்டின்ஸ். ஜார்விஸ் வீதியும் கார்ல்ரன் வீதியும் சந்திக்கும் பகுதியில் உள்ள கண்ணாடி மாளிகை. 1910 இல் கட்டிய குவிமாடத்தின் கீழே பனைவகை மரங்களும் வாழைகளும் நிற்கின்றன. அனுமதி இலவசம். வெளியே பனி கொட்டிக் கொண்டிருக்க உள்ளே வாழையிலைக்குக் கீழே நிற்கலாம். ஊரில் உள்ள அம்மம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினால், ‘அங்கையும் வாழை நிக்குதோ?’ என்று கேட்பா. உள்ளே போனதும் கமராக் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்துத் துடைத்து எடுக்காமல், கமராவைப் பைக்குள் பத்து நிமிடம் வைத்திருந்து எடுங்கள்.

பனியில் படம் எடுக்கும்போது எம்மவர்களின் முகம் கறுத்துப் போவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். நிறத்தின் குறை அல்ல அது. சுற்றிவர வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் அதிகம் என்று கமரா கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் இருட்டாக்கி விடுகின்றது. கைத்தொலைபேசியானால் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். பழைய கமராவானால் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். கடுங்குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். ஆகவே ஜக்கெற்றின் உட்பையில் உடற்சூட்டோடு வைத்திருங்கள்.

புரட்டாதிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை இலைகள் நிறம் மாறும் காலத்தில் ஸ்காபுறோவின் கிழக்கே றூஜ் பூங்காவுக்குப் போங்கள். 2015 இல் கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்காவாக அது ஆக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. முகிற்கூட்டமான நாளில்தான் சிவப்பும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். வெயில் இல்லையே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

உங்கள் தெருவும் ஒரு காட்சிதான்

இவ்வளவு இடங்களைச் சொன்ன பிறகும், முக்கியமான இடம் ஒன்று மிச்சம் இருக்கின்றது. அது நீங்கள் வாழும் இடம். நீங்கள் ஏறும் பஸ் தரிப்பிடம், தொடர்மாடியின் பதினோராவது மாடி யன்னல், பிள்ளை முதல் நாள் பள்ளிக்கூடம் போன வாசல், மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிவு செய்யும் அப்பா, ஆங்கில வகுப்புப் புத்தகத்துடன் குசினி மேசையில் இருக்கும் அம்மா, இரவு வேலைக்குப் போகக் கட்டி வைத்த சாப்பாட்டுப் பெட்டி. இவற்றை ஏன் நாங்கள் எடுப்பதில்லை? ஊரில் உள்ளவர்கள் கவலைப்படுவார்கள் என்று சொல்வோம். ஆனால் சப்பாத்தில் பனி ஒட்ட அதிகாலை ஐந்து மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்கும் மகனின் படத்தைப் பார்க்கும் தாய், அவன் அனுப்பும் காசு எப்படி வருகின்றது என்பதையும் அறிவாள். கவலையோடு ஒரு புரிந்துணர்வும் வரும். கோபுரத்துப் படத்தோடு இதையும் ஒன்றாக அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் வாழ்க்கை.

சில ஒழுங்குகள்

பொது இடங்களில் சொந்தத் தேவைக்குப் படம் எடுப்பதற்கு இங்கே தடை இல்லை. ஆனால் கடைத்தொகுதிகள் தனியார் இடங்கள். வேண்டாம் என்று காவலாளி சொன்னால் விட்டுவிட வேண்டும். கலியாணம், சாமத்தியச் சடங்கு ஆகியவற்றுக்குப் படப்பிடிப்பாளருடன் நகரப் பூங்காவுக்குப் போவதானால் நகரசபையின் அனுமதி தேவைப்படும். முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மற்றவர்களுடைய பிள்ளைகளைக் கேளாமல் எடுக்கக் கூடாது.

இன்னுமொன்று. எம்மில் சிலருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. சிலருடைய உறவினர் ஊரில் ஆபத்தோடு இருக்கிறார்கள். கோயிலிலோ ஒன்றுகூடலிலோ எடுத்த படத்தைப் பலரும் பார்க்கும்படி போடுவதற்கு முன்னர், அதில் நிற்கும் ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்க வேண்டாம்.

எடுத்த படத்தைக் காப்பாற்றுங்கள்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கொட்டும் மழையில் வெளியேறியபோது, காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் நகையும் கையில் வந்தன. பாரமான அல்பங்கள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. 2009 இல் வன்னியில் அதுவும் இல்லை. அதனால்தான் எங்கள் எத்தனையோ வீடுகளில் அப்பப்பாவின் கலியாணப் படம் இல்லை. 31 ஆம் நாள் கல்வெட்டுக்கு ஒரு படம் தேடும்போது, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட வேண்டியதாயிற்று.

இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. கைத்தொலைபேசி உடையும், தொலையும். மாதத்துக்கு நான்கு படத்தையாவது தாளில் அச்சடித்து எடுங்கள். அதற்குச் சில காசுகள்தான் செலவாகும். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யார், எங்கே, எந்தத் திகதி. தமிழிலும் எழுதுங்கள், பிள்ளை வாசிக்கத் தெரிந்த ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரு பிரதியை இன்னொரு நகரத்தில் உள்ள சகோதரரிடம் கொடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்திருந்து இழந்தவர்கள் நாங்கள்.

படம் எடுக்கும் ஆளே பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. எம்மவர் குடும்பங்களில் அது வேலையால் களைத்து வந்த அப்பாவாகவோ அம்மாவாகவோதான் இருக்கும். பூங்காவில் நடந்து போகும் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, ‘எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?’ என்று கேளுங்கள். ஆங்கிலம் பழகவும் அது உதவும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தால் ரிவர்டேல் பூங்காவுக்கும், முகில் மூடினால் றூஜ் பூங்காவுக்கும், பனி கொட்டினால் அலன் கார்டின்சுக்கும் போய் வாருங்கள்.